டைம்லைனில் பச்சைக் கட்டம், கறுப்புத் திரை, திக்கல்: கிராபிக்ஸ் டிரைவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

கல்யாண வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்து ஸ்பேஸ்பாரைத் தட்டினால் நாதஸ்வரம் கேட்கிறது. படம் மட்டும் முதல் ஃபிரேமிலேயே நிற்கிறது. இல்லையென்றால் மணமேடைக் காட்சியின் குறுக்கே பச்சையும் இளஞ்சிவப்புமாய்க் கட்டங்கள் ஓடுகின்றன. சில சமயம் படம் ஓடும் பேனலான புரோகிராம் மானிட்டர் முழுக்கக் கறுத்துவிட்டு, டைம்லைனில் நகரும் கோடான பிளேஹெட்டை இழுக்கும்போது மட்டும் ஒரு கணம் படம் காட்டும். யாரைக் கேட்டாலும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "புது டிரைவர் போட்டுப் பாருங்க."

கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். புதுசு போடலாம். ஆனால் அது முதல் வேலை இல்லை. எங்கே கோளாறு என்று தெரியாமல் டிரைவரை மாற்றினால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. ஆகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் போய்விடும். டெலிவரி நாளன்று இது தேவையில்லாத விபரீதம்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளை முன்வைத்துச் சொல்கிறேன். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால் இந்தத் தலைவலி கிடையாது.

ஒரு ஃபிரேம் திரைக்கு வரும் பாதை

கேமரா கொடுத்த ஃபைல் சுருக்கப்பட்டது. அதை முதலில் விரிக்க வேண்டும், இதுதான் டீகோடிங். கிராபிக்ஸ் கார்டுக்குள் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. என்விடியாவில் அதன் பெயர் என்விடெக், இன்டெலில் குவிக் சிங்க். விரித்த ஃபிரேமின் மேல் கலர் கரெக்‌ஷன், ஸ்கேலிங், டிரான்சிஷன் எல்லாம் ஏறுவது இரண்டாவது கட்டம். இதைச் செய்வது கார்டின் கணக்குப் போடும் பகுதி; அதற்கு வேலை கொடுக்கும் வழிகள் கூடா (CUDA) அல்லது ஓப்பன்சிஎல் (OpenCL). கடைசியாக, தயாரான படத்தை விண்டோஸ் வாங்கி மானிட்டருக்கு அனுப்புகிறது.

மூன்றுமே ஒரே டிரைவரின் கையில்தான் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க இதை வைத்துத்தான்.

டிரைவர்மேல் பழி போடும் முன்

கோளாறு வரும் கிளிப்பை விஎல்சி பிளேயரில் திறங்கள். டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை டிசேபிள் செய்து ஒரு முறையும், ஆட்டோமேட்டிக்கில் வைத்து ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் கட்டம் விழுந்தால் ஃபைலே சேதம். மெமரி கார்டிலிருந்து மறுபடி காப்பி எடுத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் மட்டும் விழுந்தால் டிரைவர்மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. மொபைலில் எடுத்த வீடியோவும் சில ஸ்கிரீன் ரெக்கார்டிங்குகளும் நிலையான ஃபிரேம் ரேட்டில் இருக்காது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைப் போட்டு, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டாக மாற்றிக்கொண்டு எடிட்டுக்கு எடுங்கள். உதடும் ஒலியும் பொருந்தாமல் போவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: ஒலி. பிரீமியரில் பிளே அழுத்தியும் பிளேஹெட் அசையவே இல்லை, அல்லது நகர்ந்து உடனே நின்றுவிடுகிறது என்றால் எடிட், பிரிஃபரன்சஸ், ஆடியோ ஹார்டுவேர் போய், டிஃபால்ட் அவுட்புட்டில் உங்கள் ஸ்பீக்கரோ ஹெட்போனோ இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபால்ட் இன்புட்டை நோ இன்புட் என்று வையுங்கள். இதற்கும் கிராபிக்ஸ் டிரைவருக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. என்விடியா, ஏஎம்டி டிரைவர்கள் எச்டிஎம்ஐ ஒலிக்கான டிரைவரையும் சேர்த்தே நிறுவும். புது டிரைவர் போட்ட கையோடு விண்டோஸ் ஒலியை மானிட்டருக்குத் திருப்பிவிடுவது உண்டு. மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது; பிளேபேக் கெட்டது டிரைவரால்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

பிரீமியர் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிக ஃபைல்களான பழைய கேச்சையும் ஒரு முறை துடையுங்கள். பிரிஃபரன்சஸில் மீடியா கேச் பக்கத்தில் டிலீட் பொத்தான் இருக்கிறது. ஃபைல்கள் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், சோதனைக்காக ஒரு கிளிப்பை மட்டும் உள்ளிருக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

சுவிட்ச் சோதனை

தொடங்கும் முன் புரோகிராம் மானிட்டரின் கீழே உள்ள ஸ்பேனர் படத்தைத் தட்டி ஷோ டிராப்டு ஃபிரேம் இண்டிகேட்டரை இயக்குங்கள். சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று வரும். ஃபிரேம் தவறினால் அது மஞ்சளாகும். சுட்டியை அதன்மேல் வைத்தால் எத்தனை ஃபிரேம் தவறியது என்று காட்டும். "முன்னைவிடப் பரவாயில்லை போல இருக்கு" என்ற மனக்கணக்கைவிட இந்த எண் நம்பகமானது.

முதல் சோதனைக்கு எதையும் அணைக்கவே வேண்டாம். பிளேபேக் ரெசல்யூஷனை ஃபுல்லிலிருந்து கால் பங்குக்குக் குறையுங்கள். திக்கல் சட்டென்று குறைந்தால் பாரம் எஃபெக்ட் கட்டத்தில் இருக்கிறது. துளியும் மாறவில்லை என்றால் டீகோடிங்கில் இருக்க வாய்ப்பு அதிகம். எச்.264, எச்.265 என்ற முறைகளில் சுருக்கிய ஃபைல்களை எப்படியும் முழுசாக விரித்த பிறகுதான் சிறிதாக்க முடியும் என்பதால், ரெசல்யூஷனைக் குறைப்பது டீகோடருக்குப் பெரிதாக உதவாது.

அடுத்து டீகோடிங் சுவிட்ச். பிரிஃபரன்சஸ், மீடியா பக்கத்தில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிட்டுப் பிரீமியரை மூடித் திறங்கள். மூடாவிட்டால் மாற்றம் அமலுக்கு வராது. இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் கணினியில் இரண்டுக்கும் தனித்தனி டிக் தெரியும். அப்போது முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். பச்சைக் கட்டம் மறைந்துவிட்டால் குற்றவாளி அந்த கார்டின் டீகோடர் டிரைவர். வேகம் குறையும், ஆனால் படம் சுத்தமாக இருக்கும். அவசர டெலிவரி என்றால் இப்படியே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு டிரைவரை அப்புறம் பார்க்கலாம். ரிசால்வில் இதே அமைப்பு பிரிஃபரன்சஸ், சிஸ்டம், டீகோட் ஆப்ஷன்ஸ் பகுதியில் இருக்கிறது.

பிறகு எஃபெக்ட் சுவிட்ச். ஃபைல், புராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் போனால் ரெண்டரர் என்று ஒரு பட்டியல். மெர்க்குரி பிளேபேக் எஞ்சின் ஜிபியு ஆக்சிலரேஷன் என்பதைச் சாஃப்ட்வேர் ஒன்லி ஆக்குங்கள். ரெண்டர் ஃபைல்களை வைக்கவா, அழிக்கவா என்று கேட்கும்; அழியுங்கள், இல்லாவிட்டால் பழைய கெட்ட ரெண்டரையே பார்த்துக் குழம்ப நேரும். திக்கித் திக்கி ஓடினாலும் கட்டமும் கறுப்பும் போய்விட்டால், பிசகு கூடா அல்லது ஓப்பன்சிஎல் பக்கம். ரிசால்வில் கார்டை முழுசாக ஒதுக்க முடியாது. மெமரி அண்டு ஜிபியு பக்கத்தில் பிராசசிங் மோடைக் கூடாவிலிருந்து ஓப்பன்சிஎல்லுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டு சுவிட்சுக்கும் கோளாறு அசையவில்லையா? மீதி இருப்பது திரைக்கு அனுப்பும் கட்டம். திரை மின்னும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மொபைலிலும் அதே திரையைப் படம் பிடியுங்கள். மொபைல் படத்தில் கோடு இருந்து ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால், எடிட்டிங் மென்பொருள் சரியாகவே அனுப்புகிறது, வழியில்தான் கெடுகிறது.

ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். நான்கு டிக்கை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்துதான்.

டிரைவர் மேலே தப்பே இல்லாத ஒரு பெரிய கேஸ்: 4:2:2 10-பிட்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாண வேலை செய்பவர்களில் பலர் இப்போது சோனி ஏ7 IV மாதிரியான கேமராவில் நிற விவரத்தை அதிகமாகச் சேமிக்கும் 4:2:2 10-பிட் வடிவத்தில் எடுக்கிறார்கள். கலர் வேலைக்கு அருமையான ஃபைல். எடிட் செய்வதோ ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட கணினியில். டைம்லைன் நகரவே மறுக்கும். டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டும் பலன் இருக்காது.

காரணம் எளிது. ஆர்டிஎக்ஸ் 30, 40 தொடர் கார்டுகளின் டீகோடருக்கு 4:2:2 வடிவத்தை விரிக்கத் தெரியாது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 தொடரில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளிணைந்த கிராபிக்ஸ், எச்.265-இல் இருக்கும் 4:2:2 10-பிட்டை விரிக்கும். அதனால் இந்த ஃபைல்களுக்கு விலை உயர்ந்த என்விடியா கார்டைவிட இன்டெல் சிப்புக்குள் சும்மா இருக்கும் குட்டி கிராபிக்ஸ்தான் கை கொடுக்கும்.

இங்கேதான் அசெம்பிள் செய்த கணினிகளில் ஒரு சிக்கல். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஊர்க் கடையிலோ மெஷின் போடும்போது, "தனி கார்டு போடப் போறீங்க, எஃப் மாடல் போதும் சார், கொஞ்சம் விலை குறையும்" என்று ஐ5-12400எஃப் போன்ற பிராசசரைக் கொடுப்பார்கள். விளையாட்டுக்கு அது சரியான யோசனை. ஆனால் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. குவிக் சிங்க்கும் கிடையாது. எடிட்டிங் மெஷினுக்கு எஃப் வேண்டாம் என்று அடித்துச் சொல்லி வாங்குங்கள்.

எஃப் இல்லாத பிராசசர் இருந்தும் பிரீமியரில் இன்டெல் டிக் தெரியவில்லை என்றால், தனி கார்டு போட்டதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) உள்ளிணைந்ததை அணைத்திருக்கும். பயாஸுக்குள் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற அமைப்பை எனேபிள் செய்து, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரையும் நிறுவுங்கள்.

நடப்பதைக் கண்ணால் பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவைத் தட்டுங்கள். வரைபடங்களில் ஒன்றை வீடியோ டீகோட் என்று மாற்றி வைத்து, பிளே செய்யுங்கள். கோடு ஏறினால் கார்டு விரிக்கிறது. கோடு தரையிலேயே கிடந்து சிபியு மட்டும் நூறைத் தொட்டால், அந்த ஃபைலை எந்த கார்டும் தொடவில்லை. அப்போது தீர்வு டிரைவர் இல்லை, புராக்ஸி, அதாவது எடிட்டுக்காக மட்டும் எடுக்கும் இலேசான நகல். கிளிப்பில் வலது கிளிக், புராக்ஸி, கிரியேட் புராக்ஸீஸ். குறைந்த அளவு புரோரெஸ் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் இடம் கொஞ்சம் போகும், நிம்மதி கிடைக்கும்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வருகிறது, உடனே பிரீமியர் சுருண்டுவிடுகிறது என்றால் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் அந்த நேரத்தைத் தேடுங்கள். டிஸ்பிளே என்ற மூலத்தில் 4101 என்ற எண் இருந்தால், டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று பொருள். கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்யும். விஸ்டா காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு இது. அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். கார்டு ஏன் தாமதிக்கிறது என்று பார்க்காமல் காத்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்டின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டி ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் அதை எடுங்கள். வெப்பத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். 4 ஜிபி கார்டில் 4கே டைம்லைனும் நாய்ஸ் ரிடக்‌ஷனும், பின்னால் இருபது டேப் திறந்த குரோமும் சேர்ந்தால் நிரம்பத்தான் செய்யும்.

வேலைக்கு நடுவில் திரை மட்டும் உறைந்துவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் மறுதொடக்கமாகும். எடிட்டிங் மென்பொருள் அதைத் தாங்கும் என்று உறுதி இல்லை. ஆனாலும் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதைவிட மேல்.

இப்போது டிரைவர்

சோதனையில் டீகோடிங்கோ எஃபெக்ட்டோ மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி: எப்போதிலிருந்து? போன வாரம் வரை சரியாக ஓடி, நடுவில் டிரைவர் மாறியிருந்தால் பின்னால் போங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ், உங்கள் கார்டு, பிராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். நீங்கள் எதையும் மாற்றாமலே மாறியிருக்கலாம்; விண்டோஸ் அப்டேட் கேட்காமலே டிரைவர் போடும். மாறாக எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு தொல்லை வந்ததென்றால் முன்னால் போங்கள். பிரீமியரில் ஹெல்ப் மெனுவில் உள்ள சிஸ்டம் கம்பேட்டிபிலிட்டி ரிப்போர்ட், டிரைவர் பழசாக இருந்தால் சொல்லிவிடும்.

என்விடியா இரண்டு வரிசையில் டிரைவர் வெளியிடுகிறது. கேம் ரெடி, புது விளையாட்டுகள் வெளியாகும் நாளைக் குறிவைத்து அடிக்கடி வருவது. ஸ்டுடியோ, 2019 முதல் எடிட்டிங், டிசைன் மென்பொருள்களில் சோதித்து நிதானமாக வருவது. எடிட்டிங்குக்கு ஸ்டுடியோதான். அதிலும் வந்த அன்றே போட அவசியமில்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற பாஸ்கல் கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 580 என்ற டிரைவர் கிளைதான் அவற்றுக்குக் கடைசி. அதற்கு அடுத்த கிளையைத் தேடி அலைய வேண்டாம்.

மேலே மேலே நிறுவுவதைவிடச் சுத்தமாகத் துடைத்து நிறுவுவது நல்லது. இரண்டு வழி. இலேசானது: என்விடியா நிறுவும்போது கஸ்டம் தேர்ந்தெடுத்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்பதை டிக் செய்வது. முதலில் இதைச் செய்யுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் டிடியு என்று அழைக்கப்படும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். அதன் வரிசை முக்கியம்:

1. நிறுவப் போகும் டிரைவரையும் டிடியுவையும் முதலிலேயே இறக்கி வையுங்கள். பழைய டிரைவரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். சேஃப் மோடுக்குப் போகும்போது கேட்கலாம். பின் நம்பர் அங்கே வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கடவுச்சொல்லும் நினைவிருக்கட்டும்.
3. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த மறுநிமிடம் விண்டோஸ் தன் டிரைவரைக் கொண்டுவந்து போடும்.
4. ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சேஃப் மோடு.
5. டிடியுவில் ஜிபியுவையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்து, கிளீன் அண்டு ரீஸ்டார்ட்.
6. சாதாரணமாகத் திறந்ததும், நெட் இல்லாமலே புது டிரைவரை நிறுவி, இன்னொரு முறை ரீஸ்டார்ட். அதன் பிறகு நெட்.

ஏஎம்டி கார்டுக்கு அந்நிறுவனமே கிளீன்அப் யுட்டிலிட்டி தருகிறது. லேப்டாப்பில் இன்டெல் டிரைவருக்கு, தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருப்பதை முதலில் முயலுங்கள்.

லேப்டாப்புக்குத் தனிக் கவனம்

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். எதை எந்த மென்பொருளுக்குக் கொடுப்பது என்று விண்டோஸே முடிவெடுக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் போய்ப் பிரீமியரையோ ரிசால்வையோ சேர்த்து ஹை பர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். அப்புறம் சார்ஜர். பேட்டரியில் ஓடும்போது தனி கார்டு தன் வேகத்தை வெகுவாக இறக்கிவிடும். கரண்ட் போனபின் திக்க ஆரம்பித்தது என்றால் டிரைவரில் தேடாதீர்கள்.

திரைக்கு அனுப்பும் கட்டத்தில் பிசகினால்

டெஸ்க்டாப் என்றால் முதலில் மெஷினின் பின்பக்கம் போங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? கார்டில் இருக்க வேண்டும். பிறகு வேறு கேபிள். கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் மானிட்டர் என்றால் அதை ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும் வையுங்கள். விண்டோ மோடில் எடிட்டிங் பேனல்கள் வெளிச்சம் ஏறி இறங்கி மின்னுவது இதனால்தான். பிரீமியரில் இரண்டாவது மானிட்டர் கறுப்பாக இருந்தால் பிரிஃபரன்சஸ், பிளேபேக்கில் மெர்க்குரி டிரான்ஸ்மிட்டை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்று ஒன்று 2020 முதல் இருக்கிறது. இயங்கினால் அணைத்தும், அணைந்திருந்தால் இயக்கியும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எந்தப் பக்கம் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, மெஷினுக்கு மெஷின் மாறும். டிஸ்கார்டு, கேம் ரெக்கார்டர் போன்றவை திரைமேல் போடும் ஓவர்லேக்களையும் நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியான நிலையில், ஓடுகிற டிரைவரின் நிறுவும் ஃபைலை பென்டிரைவில் போட்டு, எண்ணை அதன் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஒரு புராஜெக்ட் கையில் இருக்கும்போது டிரைவரையும் மென்பொருளையும் புதுப்பிக்காதீர்கள்.

இத்தனையும் செய்து துடைத்த டிரைவரிலும் கட்டம் விழுகிறதா? மெஷினை அணைத்துப் போட்டுப் பயாஸ் திரைக்குப் போய் உற்றுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அந்தத் திரையிலேயே கோடோ புள்ளியோ தெரிந்தால், வேறு கேபிளும் வேறு மானிட்டரும் போட்டும் அது போகாவிட்டால், கெட்டது கார்டுதான். வாரண்டி பில்லைத் தேடுங்கள்.